21 உயிர்கள், 8 இனங்கள், ஒரு வீடு

2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில், பழைய பருத்திப் புடவையில் சுற்றிய பச்சை இகுவானா என்ற பெரிய பல்லியுடன் ஒரு பெண் என் மருத்துவமனைக்கு வந்தார். மேசையில் இறக்கி விட்டபோது அதன் பின்னங்கால் விரல்கள் மீட்டிய தந்தியைப்போல் விட்டுவிட்டு அதிர்ந்தன. கீழ்த்தாடையை இரு விரல்களால் மெல்ல அழுத்தினேன். எலும்பு தட்டுப்பட வேண்டிய இடம் ரப்பரைப்போல் வளைந்து கொடுத்தது. தொடைகள் உருண்டு திரண்டிருந்ததைப் பார்த்து அது நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது என்றே அவர் நம்பியிருந்தார். கால்சியத்தை இழந்த எலும்பைத் தாங்குவதற்காகச் சுற்றிலும் நார்த்திசு வளர்ந்ததால் வந்த பருமன் அது. எக்ஸ்ரேயில் எலும்பும் தசையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

காரணம் தெளிவாகவே இருந்தது. கூண்டுக்குள் இருந்த, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைத் தரும் யு.வி.பி. விளக்கு 14 மாதங்களாக மாற்றப்படவில்லை. இவ்வகை விளக்குகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், வெளிச்சம் குறையாமலேயே, வைட்டமின் டி3 உருவாகத் தேவையான கதிரைப் பெருமளவு இழந்துவிடுகின்றன. கண்ணுக்கு விளக்கு எரிகிறது, விலங்குக்கு அது இருட்டு. ஜன்னலோரம் வெயிலில் வைப்பதாக அவர் சொன்னார், ஆனால் மூடிய கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். உணவில் பாலக்கீரையும் வாழைப்பழமும் அதிகம். பாலக்கிலுள்ள ஆக்சாலிக் அமிலம் இருக்கிற கால்சியத்தையும் உடலில் சேரவிடாது. வெயில் காசில்லாமல் கிடைக்கிற, முருங்கையும் அகத்தியும் செம்பருத்தியும் தெருவுக்குத் தெரு வளர்கிற சென்னையில், ஓர் இகுவானா கால்சியம் இல்லாமல் நொறுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் தாங்குவதில்லை.

விளக்கை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "மாத்தணும்னு காலண்டர்ல குறிச்சு வெச்சிருந்தேன் டாக்டர். அந்த வாரம்தான் ஒரு கிளைடர் செத்துப் போச்சு. அப்புறம் அப்படியே விட்டுப் போச்சு" என்றார். கிளைடர் என்று அவர் சொன்னது சுகர் கிளைடர் என்ற சிறு பாலூட்டியை. வீட்டில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பாதியில் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். 21 என்று வந்தது.

2021 முதல் அவருடைய நான்கு விலங்குகளை நான் தனித்தனியே பார்த்திருக்கிறேன். நான்குக்கும் தனித்தனித் தாள்கள் என் கோப்பில் இருந்தன. அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான், மூன்றாண்டுகளாகக் கேட்கவில்லை. ஒரு வீடு எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவே முதல் காரணம். உரிமையாளரின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதுகிறேன்.

வீடும் அதன் உயிர்களும்

அவருக்கு வயது 36. மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. தென்சென்னையில், முதல் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. மூட்டுவலியுள்ள தாயார் உடன் இருக்கிறார். விலங்குகளில் பெரும்பாலானவை 2020, 2021 ஆண்டுகளில், முழு நேரமும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வந்தவை. 2023இல் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வரச் சொன்னார்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தது, நேரம் மட்டும் போய்விட்டது. இதுபோன்ற வீடுகளை நான் அந்த ஆண்டு நிறையப் பார்த்தேன். பேராசையால் சேர்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

ஆப்பிரிக்க கிரே கிளி ஒன்று, சன் கன்யூர் என்ற சிறுகிளி நான்கு, காக்கடீல் என்ற கொண்டைக்கிளி ஆறு, பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு நான்கு, இகுவானா ஒன்று, சல்கட்டா ஆமை ஒன்று, சிவப்புக்காது ஆமை மூன்று, துணையை இழந்த சுகர் கிளைடர் ஒன்று. இவற்றைத் தவிர ஒரு மீன் தொட்டியும் இருந்தது. அது டிசம்பரிலேயே காலியாகிவிட்டதைப் பின்னர் சொல்கிறேன். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். வீடு சுத்தமாக இருந்தது. துர்நாற்றம் இல்லை, பட்டினி கிடந்த உயிர் எதுவும் இல்லை. ஆனால் சிவப்புக்காது ஆமைகளின் தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் கொண்டிருந்தார்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இயல்பாகவே குடியிருக்கும். குழந்தைகளுக்கு நோய் பரவியதால்தான் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. அன்றைக்கே அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, குளியலறைக்கு ஒரு தனி வாளி ஒதுக்கச் செய்தேன்.

விலங்குகளைக் குவித்து வைப்பது என்ற மனநிலைச் சிக்கலைப் பற்றி 1999இல் கேரி பாட்ரனெக் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் எழுதிய வரையறை எங்கள் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. குறைந்தபட்ச உணவும் சுத்தமும் மருத்துவமும் தர முடியாமல் போவது, விலங்குகள் சீரழிவதைக் கண்டும் செயல்படாமல் இருப்பது ஆகியவையே அதன் மையம். இத்தனைக்கு மேல் போனால் குவிப்பு என்று அது எந்த எண்ணையும் வரம்பாக வைக்கவில்லை. அந்த வரையறைக்குள் இவர் வரமாட்டார், ஏனெனில் இகுவானாவின் விரல் துடித்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் இவர். ஆனாலும் ஒரு விளக்கு மறந்து போயிற்று, ஒரு கிளைடர் இறந்தது. பழம் மட்டுமே தின்று கால்சியம் குறைந்து, பின்னங்கால் விழுந்து இறந்தது அது. அன்புக்கும் குறைவில்லை, அறிவுக்கும் பெரிய குறைவில்லை. கவனம்தான் 21 ஆகப் பங்கிடப்பட்டுப் போதாமல் போயிற்று.

ஒரு வீட்டில் எத்தனை விலங்குகள் இருக்கலாம் என்ற கேள்விக்குச் சட்டம் விடை தருவதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வன உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள இனங்கள் அதன் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில், நாங்கள் இந்த ஆய்வில் இருந்தபோதே, வெளியாயின. கிரே கிளி, கன்யூர், பைத்தான், இகுவானா, சல்கட்டா ஆகிய ஐந்து இனங்களின் 11 விலங்குகளை அவர் உரிய காலத்தில் பதிந்தார். ஆனால் ஒரு விலங்கு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் பதிவுச் சான்று சொல்லும். அவரால் அதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று சொல்லாது. நெதர்லாந்தில் 2024 ஜூலை முதல் 30 பாலூட்டி இனங்களை மட்டுமே செல்லப்பிராணியாக வைத்திருக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். எந்த இனம் வீட்டுக்கு ஏற்றது என்ற கேள்விக்கு அது நல்ல விடைதான். எத்தனை என்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்துதான் கணக்கிட வேண்டியிருக்கிறது.

நோட்டுப் புத்தகம்

14 நாட்களுக்கு, எந்த விலங்குக்கு எத்தனை நிமிடம் செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். மதிப்பிட்டு எழுத வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று வலியுறுத்தினேன். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் சராசரியாக 2 மணி 50 நிமிடம் வந்தது. அலுவலக நாட்களில், காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்பிய பிறகு, 1 மணி 15 நிமிடம். உணவு, நீர், கூண்டுச் சுத்தம், உடல் எடை பார்த்தல் ஆகிய கை வேலைக்கு மட்டுமே நாளொன்றுக்கு 2 மணி 20 நிமிடம் வேண்டும் என்பது என் கணக்கு. கிரே கிளிக்கும் கன்யூர்களுக்கும் கிளைடருக்கும் ஆள் கூட இருக்க வேண்டிய நேரம் இதற்கு மேல் சேர வேண்டும்.

அந்த நோட்டின் ஒன்பதாம் நாள் பக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அன்று அவருக்குக் காய்ச்சல். பக்கத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன: பறவைகளுக்குத் தீனி, தண்ணீர், 18 நிமிடம், இகுவானாவுக்குக் கீரை, அம்மா போட்டார், மற்றவை பார்க்கவில்லை. 'பார்க்கவில்லை' என்பதற்குள் ஒன்பது உயிர்கள் இருந்தன. வழக்கமான நாளின் சராசரியை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்வது தவறு என்று நான் உறுதியாகச் சொல்வது இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான். பராமரிப்பவர் படுத்துவிட்ட நாளிலும் தாங்கக்கூடிய எண்தான் அந்த வீட்டின் எண்.

அதைவிட மோசமான நாளையும் அந்த வீடு அப்போதுதான் கடந்திருந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் அவர்கள் தெருவில் வெள்ளம் ஏறியது. மின்சாரம் மூன்று நாள் இல்லை. முதல் இரவிலேயே காற்றுப் பம்பு நின்று மீன்கள் அனைத்தும் செத்து மிதந்தன. பைத்தான்களின் வெப்ப விரிப்புகள் அணைந்து, மூன்றாம் நாள் ஒரு பாம்பு வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கியது. நாசியில் குமிழிகள் வந்தன. ஊசி மருந்தில் பிறகு தேறியது. இரண்டாம் நாள் மீட்புப் படகு தெருவுக்குள் வந்தபோது தாயாரை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். வீட்டில் இருந்தவை ஒரு பயணக் கூண்டும் இரண்டு தலையணை உறைகளும்தான்.

"அந்தப் படகில் நீங்கள் ஏறியிருந்தால் எதை எடுத்துப் போயிருப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய தாயார்தான் சொன்னார்: "அவ எதையும் விட்டுட்டு ஏற மாட்டா தம்பி. அதான் எனக்குப் பயமே."

எடுத்துச் செல்ல முடியாத எண்ணிக்கை விலங்குகளுக்கு மட்டுமல்ல, மனிதருக்கும் ஆபத்தாகிறது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போது புரிந்தது. அரை மணி நேரத்தில், மாடிப்படி வழியாக, ஒருவர் தூக்கி இறக்கக்கூடிய பெட்டிகள் எத்தனை என்பதை அன்றைக்கே எண்ணிப் பார்த்தோம். ஆறு என்று வந்தது.

தலையா, இனமா

பலர் தலைகளை எண்ணுகிறார்கள். நான் முதலில் இனங்களை எண்ணச் சொல்கிறேன். இரண்டாவது பால் பைத்தானுக்கு அதே வெப்பநிலை, அதே ஈரப்பதம், அதே எலி, அதே மருத்துவ அறிவு போதும்; கூடுதலாக ஒரு பெட்டியும் சில நிமிடங்களும்தான் செலவு. புதிதாக ஓர் இனம் வந்தால் முழுக்க முழுக்கப் புதிய ஓர் உலகம் வீட்டுக்குள் வருகிறது. இந்த வீட்டில் இலை மட்டும் தின்பது, எலி மட்டும் தின்பது, இரவில் மட்டும் விழிப்பது, பகலில் ஆள் இல்லாவிட்டால் இறகைப் பிடுங்கிக்கொள்வது என எட்டு ஒழுங்குகள் ஒரே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. விளக்கு மறந்தது அதனால்தான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்புக் கையேடுகள் சூடேற்றுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. சென்னையின் மே மாதத்தில் நம் கவலை நேரெதிர்: பால் பைத்தானுக்குக் குளிர்ந்த பக்கம் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் அறையே 36ஐத் தொடும். இந்த வீட்டில் ஏ.சி. ஓர் அறையில் மட்டும்தான். அந்த அறைக்குள் அடங்காத எதுவும் ஏப்ரல் முதல் ஜூன் வரை துன்பப்படும் என்பதால், அதுவும் ஓர் எண்ணாகிவிட்டது.

முடிவு செய்த நாள்

சல்கட்டாவில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் ஆழமான வளை தோண்டி வாழும் ஆமை அது. வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அப்போதே ஒன்பது கிலோ இருந்தது. பால்கனியின் ஓடுகளைச் சுரண்டிச் சுரண்டி முன்கால் நகங்கள் தேய்ந்திருந்தன. செங்கல்பட்டுப் பக்கம் வேலியிட்ட நிலமும் இதே இனத்தை வளர்த்த அனுபவமும் உள்ள ஒருவருக்கு, பதிவு முடிந்த பிறகு, உரிய முறையில் தெரிவித்து மாற்றினோம்.

கிளைடரின் நிலை வேறு. கூட்டமாக வாழும் விலங்கு அது, தனியே இருப்பதே அதற்கு நோய். ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றை வாங்குவதுதான் அதற்கு நல்லது என்று அவர் வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. ஆனால் இரவு பதினொன்றுக்கு விழிக்கும் விலங்குக்குக் காலை ஐந்தரைக்கு எழும் வீட்டில் இடமில்லை. ஏற்கனவே ஐந்து கிளைடர்கள் உள்ள ஒரு குடும்பத்தில், நான்கு வாரம் பக்கத்துக் கூண்டில் வைத்துப் பழக்கிய பிறகு, அது சேர்ந்தது. கன்யூர்கள் நான்கையும் பிரிக்காமல், பெரிய பறவைக்கூடம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தார். அவற்றின் கூச்சலுக்காக வீட்டு உரிமையாளர் இரண்டு முறை எச்சரித்திருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பாம்புகளில் நான் தவறினேன். நான்கையும் கொடுத்துவிடச் சொன்னேன், பாம்பு என்றால் சுமை அதிகம் என்ற பொதுவான எண்ணத்தில். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார்: நான்குக்கும் சேர்த்து நாளுக்கு 10 நிமிடம், பத்து நாளைக்கு ஒருமுறை இரை. வெள்ளம் வந்தால் உறையில் போட்டு முடிச்சிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். எட்டு இனங்களில் இந்த வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமானது அதுதான் என்பதை அவருடைய கையெழுத்தே நிரூபித்தது. ஏ.சி. அறையின் இடத்தைக் கணக்கிட்டு இரண்டை வைத்துக்கொள்ள முடிவாயிற்று.

சிவப்புக்காது ஆமைகளை யாரும் ஏற்கவில்லை. நாணய அளவில் விற்கப்பட்டுச் சாப்பாட்டுத் தட்டளவு வளரும் இவற்றை அலுத்துப்போனவர்கள் கோயில் குளங்களிலும் ஏரிகளிலும் விட்டுவிடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களில் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் கொடுக்க இடமில்லாத விலங்கு, எண்ணிக்கையில் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விருப்பமானவற்றைக் குறைத்துக்கொண்டு இதற்கு இடம் தர வேண்டியிருக்கிறது. மூன்றும் இருக்கின்றன. பழைய தொட்டியைப்போல் மூன்று மடங்கு பெரிய தொட்டியும் வெளி வடிகட்டியும் வந்தன.

காக்கடீல்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, அவருடைய கணக்கிலிருந்து தாயாரின் கணக்குக்கு மாற்றினோம். காலையும் மாலையும் அவற்றைப் பார்ப்பவர் தாயார்தான். சேவலையும் பெட்டையையும் பிரித்து, முட்டைப் பெட்டிகளை எடுத்துவிட்டு, ஆறு ஆறாகவே இருக்கும்படி செய்தோம். இகுவானா இருந்தே ஆக வேண்டும். உடைந்த எலும்போடு அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. கிரே கிளியும் இருந்தது. 13 உயிர்கள், 5 இனங்கள், 6 பெட்டிகள். இதோடு, தலைக்கு ஒன்றாக அல்லாமல், ஒரே மாதத்தில் இரண்டு விலங்குகளுக்கு எக்ஸ்ரேயும் அறுவையும் தேவைப்பட்டால் கட்டக்கூடிய தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னேன். அந்தத் தொகை சேர ஐந்து மாதம் ஆயிற்று.

அடுத்த ஓராண்டு

இகுவானாவின் விரல் துடிப்பு மூன்று வாரத்தில் நின்றது. 1.1 கிலோவாக இருந்த எடை ஆண்டு இறுதியில் 1.6 ஆனது, மொட்டை மாடியில், கண்ணாடி மறைக்காத காலை வெயிலில், நிழலும் உள்ள கம்பிக்கூண்டில் தினமும் அரை மணி நேரம் இருக்கிறது. தாடை கோணலாகவே நிலைத்துவிட்டது, அதை இனி நேராக்க முடியாது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் நான் தொலைபேசியில் அழைத்து, இப்போதே எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றச் சொன்னேன். முதல் முறை 1 மணி 40 நிமிடம். கிளி பயணக் கூண்டைக் கண்டு அலறி உள்ளே போக மறுத்தது. அதன்பின் அந்தக் கூண்டைத் திறந்தபடி அறையிலேயே வைத்து, தினமும் ஒரு வேர்க்கடலையை உள்ளே போட்டுப் பழக்கினார். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் விமான நிலையமே மூடப்பட்ட நாளில், காலையிலேயே ஆறு பெட்டிகளும் கதவருகே வந்துவிட்டன. 26 நிமிடம் ஆனதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார். இந்தமுறை தண்ணீர் வாசற்படியோடு நின்றது. மின்சாரம் சில மணி நேரம் போனதில் எந்த விலங்குக்கும் பாதிப்பில்லை.

கிரே கிளியின் தாளில் ஒரு கட்டம் வெகுநாள் காலியாகவே இருந்தது: 'இவருக்குப் பிறகு யார்?' கூண்டில் நாற்பது முதல் அறுபது ஆண்டு வாழக்கூடிய பறவை; இதற்கு இப்போது ஒன்பது வயது. 2025 ஜனவரியில் அந்தக் கட்டத்தில் தன் அக்காள் மகளின் பெயரை எழுதினார். 14 வயதுப் பெண். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கிளிக்குக் கேரட் நறுக்கிக் கொடுத்து, கூண்டைத் துடைத்து, எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போகிறாள். அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் இந்தக் கட்டத்தை மறுபடி கேட்க வேண்டும் என்று கோப்பின் மேலட்டையில் குறித்து வைத்திருக்கிறேன்.